டாக்டர் வண்டியின் மூச்சுக்குழாய்

முதலில் கேட்டது சத்தம்தான். மருந்தக வாசலில் இருபது ஆடுகளும் நாலைந்து மாடுகளும் நின்றிருந்த ஒரு திங்கட்கிழமை காலை. ரோட்டுத் திருப்பத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைத்தது. குறைத்ததும் அதன் புகைக்குழாயிலிருந்து பட், பட், படார் என்று மூன்று வெடி. ஆடுகள் மொத்தமும் கருவேலங்காட்டுக்குள் பாய்ந்தன. ஒரு செவலைப் பசு கயிற்றைப் பிடித்திருந்த தன் எஜமானரையும் இழுத்துக்கொண்டு ஓடியது. நான் ஊசி போட்டுக்கொண்டிருந்த கிடேரி என் காலை மிதித்துவிட்டுப் போனது. சிவப்பு வண்டியிலிருந்து இறங்கிய இளைஞர் ஹெல்மெட்டைக் கழற்றி, காலியான வாசலைப் பார்த்து, "நான்தாங்க புது டாக்டர்" என்றார். "மாடு இருந்தா பாக்கலாம் டாக்டர்" என்றேன் நான். அவர் முகம் வண்டியின் நிறத்துக்கு வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. திருச்சுழிக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கால்நடை மருந்தகத்தில் நான் ஆய்வாளர். பாலவனத்தத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்து போவேன். நாற்பது வயதைத் தாண்டியிருந்தேன். எனக்கு வாய்த்த ஐந்தாவது டாக்டர் இவர். முந்தைய நால்வரும் எங்கள் வெயிலைப் பார்த்த மாத்திரத்தில் மாற்றல் கேட்டு மனுப் போட்டவர்கள். இவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், கல்லூரியை விட்டு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆறு மாதம் தாங்கினால் அதிகம் என்று அன்றைக்கே எனக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். அந்தக் கணக்கு தப்பியதில் எனக்கு இன்று வரை சந்தோஷம்தான்.

வண்டி வளைகுடாவிலிருந்து திரும்பிய யாரோ கொண்டுவந்தது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், பந்தயத்துக்குச் செய்த ஜாதி. எங்கள் பக்கம் அப்போது மொபெட்டுகளும் பால்காரர்களின் சின்ன மோட்டார் சைக்கிள்களும்தான். இதன் பின்சீட்டு ஓட்டுகிறவர் சீட்டைவிட ஒரு முழம் உயரம். மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் அதில் ஊர் ஊராகப் போவதைப் பார்த்து, "கம்பவுண்டரு ஒட்டகத்துல போறாரு" என்று பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது. நான் கம்பவுண்டர் இல்லை, ஆய்வாளர். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

டாக்டர் அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெருவொன்றில் ஒரு அறையும் முற்றமும் வாடகைக்கு எடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த முற்றத்தில் சாக்கை விரித்து வண்டியைப் பிரிப்பார். முதலில் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பிறகு அதுவே என் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. பிரித்த ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே சாக்கில் அடுக்கி வைப்பார். ஒரு மரை அதன் இடத்திலிருந்து ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும் "யாரு தொட்டது?" என்பார். அறுவை சிகிச்சைக்குக் கத்திகளை அடுக்குவதும் அப்படித்தான். அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் எனக்கு அவர் மேல் முதலில் மரியாதை வந்தது.

அவர் முதலில் கை வைத்தது அந்த வெடிச்சத்தத்தில். எரியாமல் மிஞ்சிய பெட்ரோலைப் புகை போகும் வழியிலேயே எரிப்பதற்காக, புகைக்குழாய்க்குள் வெளிக்காற்றைச் செலுத்தும் சின்ன வால்வு ஒன்று அந்த எஞ்சினில் இருந்தது. வெளிநாட்டுப் புகைச் சட்டத்துக்காக வைத்தது என்றார். வேகத்தைக் குறைத்ததும் அந்தக் காற்றும் மிச்சப் பெட்ரோலும் சந்தித்து வெடிக்கின்றன. வால்வை எடுத்துவிட்டு அந்த வழியை ஒரு அலுமினியத் தகட்டால் அடைத்தால் சத்தம் போய்விடும். தகட்டை அரத்தால் ராவி முடித்த பிறகும் அதைப் பொருத்தாமல் இரண்டு வாரம் வைத்திருந்தார். "ஒருத்தன் யோசிச்சு வச்ச சாமான்ணே இது. எடுத்தா புகை கூடுமான்னு தெரியாம எடுக்கக்கூடாது" என்பார். கடைசியில் கார்புரேட்டரைச் சீர்செய்து, தகட்டைப் பொருத்தி, மதுரை வரை போய்ப் புகையைச் சோதித்து, அளவு சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் நிம்மதியானார். மறுநாள் காலை மருந்தக வாசலில் வண்டி வந்து நின்றபோது ஆடுகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. மாடுகள் மிரளாமல் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு மனிதர் இவ்வளவு பாடுபடுவாரா என்று நினைத்தேன். வாய்விட்டுப் பாராட்டவில்லை. பாராட்டி எனக்குப் பழக்கமில்லை.

அடுத்தது மூச்சுக்குழாய். பிஸ்டன் ஏறி இறங்கும்போது கொஞ்சம் வாயு கசிந்து எஞ்சினின் அடிவயிற்றில் சேரும். அது வெளியேறுவதற்கு ஒரு குழாய் உண்டு, மெக்கானிக்குகள் பிரீதர் என்பார்கள். அந்த வாயுவை வீணாக்காமல் மறுபடி எரிப்பதற்காகக் காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் விட்டிருந்தார்கள். நல்ல ரோட்டில் அது நல்ல ஏற்பாடுதான். எங்கள் கரிசல் பாதையில் இரண்டு ஆளும் ஒரு மருந்துப் பெட்டியுமாக, கொதிக்கும் வெயிலில் உருட்டிக்கொண்டு போனால் வாயுவோடு எண்ணெய் ஆவியும் கிளம்பி வந்து வடிகட்டியை நனைத்துவிடும். நனைந்த வடிகட்டியில் கரிசல் புழுதி அப்பிக்கொள்ளும். ஒரு நாள் அதைக் கழற்றிக் காட்டினார். சாணி தட்டிய வறட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"மாட்டுக்கு வயிறு உப்புனா என்ன செய்வோம்ணே?"

"குழாய விட்டு வாயுவ வெளியேத்துவோம்."

"இதுக்கும் அதேதான்" என்று சொல்லி, பெட்டியிலிருந்து குழாயைப் பிடுங்கித் தரையைப் பார்க்கத் தொங்கவிட்டார்.

அது பெரிய தப்பாகப் போனது. அந்தத் தெருவில் விடிந்ததும் பாவு நீட்டுவார்கள். தெருவின் நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் உலர்த்தி எடுக்க வேண்டும். அதுவரைக்கும் சைக்கிள்கூட அந்தப் பக்கம் போகாது. ஒரு காலையில் டாக்டர் வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, கிளப்பிச் சூடேற்றியிருக்கிறார். தொங்கிய குழாய் தும்மியதுபோல் எண்ணெயைத் துப்பிவிட்டது. வெள்ளைப் பாவில் பழுப்புப் பொட்டுகள். வீட்டுக்கார அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர், வைவதற்கு மட்டும் தமிழைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். "ஏன் தம்பி, மாட்டுக்குப் பாக்குறீக, ஆட்டுக்குப் பாக்குறீக, மனுசரப் பாக்க மாட்டீகளா? கல்யாணச் சேலைக்கு நீட்டுன பாவுல பொட்டு வச்சுட்டீகளே!"

டாக்டர் அன்றைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லி அனுப்பிவிட்டு, அந்த அம்மாவோடு உட்கார்ந்து கறைபட்ட இழைகளை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்து, புது நூல் சேர்த்து முடிந்தார். தையல் போடுகிற கை என்பதால் முடிச்சு நன்றாகத்தான் போட்டிருக்கிறார், அறுவை சிகிச்சை முடிச்சு. அந்த அம்மா விரலால் நெருடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "மாட்டுத் தோலுக்கு இது சரி தம்பி. முடிச்சு மொத்தமா இருக்கு, தறி அச்சுல நுழையாது." பிறகு நெசவாளர் முடிச்சைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மறுநாள் மருந்தகத்தில் ஒரு ஆட்டின் காதுக்குத் தையல் போடும்போது டாக்டர் அந்த முடிச்சை என்னிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார். திட்டு வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நம்ம வண்டிக் கழிவ அடுத்தவங்க நூல்ல விட்டது தப்புதானேண்ணே" என்றார்.

அதற்குப் பிறகு பிறந்ததுதான் கண்ணாடிப் பாட்டில் ஏற்பாடு. மாடுகளுக்குச் சுண்ணாம்புச் சத்து ஏற்றுகிற மருந்து தடித்த கண்ணாடிப் பாட்டிலில் வரும். காலிப் பாட்டில் ஒன்றைக் கழுவி, உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அடைத்து, ரப்பர் மூடியில் இரண்டு துளை போட்டு இரண்டு குழாய்களைச் செருகினார். எஞ்சினின் மூச்சு ஒன்றின் வழியாக உள்ளே வரும். எண்ணெய் கம்பி நாரில் படிந்து அடியில் இறங்கிவிடும். சுத்தமான ஆவி மட்டும் மற்றொன்றின் வழியாக வடிகட்டிப் பெட்டிக்குத் திரும்பும். கண்ணாடி உடையாமல் இருக்க சைக்கிள் டியூபைச் சுற்றி, பெட்ரோல் டேங்குக்குப் பின்னால் சீட்டுக்கு அடியில் கட்டினார். சொட்டு எண்ணெய் தரையில் விழவில்லை, வடிகட்டியும் நனையவில்லை. அந்த வாரக் கடைசியில் பாட்டிலைத் திறந்து, அடியில் தேங்கியிருந்த பால் கலந்த காப்பி நிறத்துக் குழம்பை அவர் ஊற்றிக் காட்டியபோது, நானே கண்டுபிடித்ததுபோல அந்தத் தெருவில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரே ஒரு குறை. எஞ்சினிலிருந்து பாட்டிலுக்கு வர, பழைய குழாய் ஒன்றரைச் சாண் போதவில்லை. எண்ணெயும் சூடும் தாங்குகிற கறுப்புக் குழாய் வேண்டும், அது விருதுநகரில் பம்புசெட்டு சாமான் கடையில் கிடைக்கும். அது வரைக்கும் என்ன செய்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, பாட்டில் கட்டின அன்றே, மருந்தக அலமாரியிலிருந்து சிவப்பு ரப்பர் குழாயை எடுத்துக் கொடுத்தவன் நான். மாட்டுக்கு நரம்பில் மருந்து ஏற்றுகிற குழாய். எங்கள் தொழிலில் எதற்கும் அதுதான் கைக்கு முதலில் வரும், வேலி கட்டக்கூட அதைத்தான் தேடுவோம். "மாட்டையே தாங்குது, மெசின தாங்காதா?" என்றேன். டாக்டர் அதை வளைத்துப் பார்த்தார். "எண்ணெய் பட்டா இந்த ரப்பர் ஊறும்ணே. ஒரு வாரம் ஓட்டலாம். வியாழக்கிழமை விருதுநகர் போறப்ப மறக்காம அந்தக் குழாய வாங்கிட்டு வந்துருங்க."

வியாழக்கிழமைதோறும் மருந்து எடுக்க விருதுநகர் போவது என் வேலை. அந்த வியாழன் போனேன், மருந்து எடுத்தேன், எண்ணெயில் பொரித்த புரோட்டா சாப்பிட்டேன், பஸ் ஏறினேன். குழாய் நினைவுக்கு வந்தபோது பஸ் பாதித் தூரம் வந்துவிட்டது. டாக்டரிடம் "கடையில இல்லையாம். அடுத்த வாரம் வருமாம்" என்று சொன்னேன். அடுத்த வியாழன் மறக்கவில்லை. கடை, மருந்து எடுக்கிற இடத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு எதிர்த் திசையில், பத்து நிமிட நடை. வெயில் மண்டையைப் பிளந்தது. புரோட்டாக் கடையில் மின்விசிறி இருந்தது. திரும்பி வந்து மறுபடியும் இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை. எம்.ரெட்டியபட்டிக்கு அப்பால் உள்ளே தள்ளியிருக்கும் ஊரிலிருந்து ஒருவர் சைக்கிளில் மூச்சு வாங்க வந்தார். புருஷனை இழந்த தன் அக்காவின் பசு விடியற்காலையிலிருந்து ஈன முடியாமல் கிடக்கிறது, கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது என்றார். அந்தப் பசுவின் பாலில்தான் அந்த அக்காவும் இரண்டு பெண் பிள்ளைகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "யாரும் இழுத்துறாதீங்க. கன்னோட தலை திரும்பியிருக்கும். நாங்க முன்னால போறோம், நீங்க சைக்கிள்ல வாங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் வண்டியைக் கிளப்பினார். பத்து மைல். இருபது நிமிடத்தில் போயிருக்க வேண்டும்.

பாதி வழியில் என் கால்சட்டை நனைவது தெரிந்தது. குனிந்து பார்த்தால் எண்ணெய். பின் டயர் முழுக்க எண்ணெய். டாக்டர் வண்டியை ஓரம் கட்டி முழங்காலில் உட்கார்ந்தார். சிவப்புக் குழாய் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் வளைகிற இடத்தில் ஊறிக் குழைந்து, சுட்ட கத்தரிக்காய்போல் மடிந்து ஒட்டிக் கிடந்தது. வழி அடைபட்ட வாயு வேறு போக்கில்லாமல் எண்ணெய் கசியாமல் எஞ்சினை அடைத்திருக்கும் ரப்பர் வளையத்தை, சீல் என்பார்கள், தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தது. குழாயைக் கழற்றியதும் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. அந்த வளையத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார், கட்டிப் பார்த்தார், எண்ணெய் நிற்கவில்லை. நட்ட நடுப் பகல், பஸ் வருகிற நேரமும் இல்லை. பின்னால் சைக்கிளில் அந்தத் தம்பி வந்து சேர்வதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. டாக்டர் மருந்துப் பெட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு அந்தச் சைக்கிளில் ஏறி மிதித்தார். நாங்கள் இருவரும் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார், வலது கை தோள் வரைக்கும் பசுவுக்குள். யாரும் வராததைப் பார்த்துப் பயந்துபோய், நாலு பேர் கயிறு கட்டி அந்தக் காலை இழுத்திருக்கிறார்கள். உள்ளே கிழிந்துவிட்டது. டாக்டர் கன்றின் தலையைத் திருப்பி உயிரோடு வெளியே எடுத்தார். கிடேரிக் கன்று. பசுவுக்குத் தையலும் மருந்தும் என்று சாயங்காலம் வரைக்கும் போராடினார். அது தலையைத் தூக்கிக் கன்றை ஒரு தடவை நக்கியது, பிறகு தலையைக் கீழே வைத்தது.

ஊர்ப் பெரியவர் ஒருவர் ஆறுதலாகத்தான் சொன்னார். "டாக்டரு என்ன செய்வாரு? வண்டி மக்கர் பண்ணிருச்சு. மாட்டுக்கு ஆயுசு அம்புட்டுத்தான்."

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இல்லங்கய்யா. வண்டி நல்ல வண்டிதான். நான்தான் வீட்ல வச்சுப் பிரிச்சு, தாங்காத குழாயப் போட்டேன். தாங்காதுன்னு தெரிஞ்சே போட்டேன். நேரத்துக்கு வந்திருந்தா இந்த மாடு பிழைச்சிருக்கும்." பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "என் தப்புதாங்க. மன்னிச்சுருங்க" என்றார்.

அரசாங்க உத்தியோகஸ்தர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அந்த ஊர் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அந்தப் பெண் அழவில்லை, வையவும் இல்லை. கன்றை மடியில் போட்டுத் துடைத்துக்கொண்டே, "இதுக்கு இப்ப என்னத்தக் குடுக்க?" என்று மட்டும் கேட்டார். மருந்துப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் தலையைக் குனிந்து நின்றேன்.

டாக்டர் அந்தச் சைக்கிளிலேயே பக்கத்து ஊருக்குப் போய், முதல் நாள் ஈன்ற பசு ஒன்றைத் தேடிப் பிடித்து, இருட்டுவதற்குள் ஒரு செம்பு சீம்பால் கொண்டுவந்து கன்றுக்குப் புகட்டினார். மறுநாள் மருந்தகப் பதிவேட்டில் அந்தப் பசுவின் சாவை எழுதும் வேலை எனக்கு. "காரணம்னு இருக்கிற இடத்துல 'மருத்துவர் தாமதமாக வந்தது'ன்னு எழுதுங்கண்ணே" என்றார். மேலிடத்தில் விளக்கம் கேட்பார்கள் டாக்டர் என்றேன். கேட்கட்டும் என்றார். என் கையாலேயே எழுதினேன். விளக்கம் கேட்டார்கள், அவருக்கு வரவேண்டிய நல்ல இடமொன்று தள்ளிப்போனது. அதன் பிறகும் மூன்று வருஷம் எங்களோடு இருந்தார்.

ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. பாலவனத்தத்தில் என் வீட்டு வாசலைத் தாண்டி, அதே ஜாதி வண்டிகள் இப்போது தினமும் பறக்கின்றன. பையன்கள் அவற்றையும் வீட்டில் வைத்துப் பிரிக்கத்தான் செய்கிறார்கள், வெடிச்சத்தம் வர வேண்டும் என்பதற்காக. ஆடு மிரளாமல் இருக்கவும், அடுத்தவர் பாவில் எண்ணெய் தெறிக்காமல் இருக்கவும் வண்டியைப் பிரித்த ஒருவரைத்தான் என் ஆயுளில் பார்த்திருக்கிறேன். இவ்வளவையும் எழுதிவிட்டு, அந்தப் பசு செத்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையை எழுதாமல் விட்டால் நான் மூன்றாவது தடவையாகப் பொய் சொன்னவன் ஆவேன்.

டாக்டர் சனிக்கிழமை தானே விருதுநகர் போய் வந்திருந்தார். முற்றத்தில் சாக்கு விரித்திருந்தது. புது சீல் போட்டாகிவிட்டது. தடித்த கறுப்புக் குழாயை அளந்து வெட்டி, ஒரு முனையை எஞ்சினில் செருகிப் பிடித்துக்கொண்டு, திருப்புளியை என்னிடம் நீட்டினார். அந்தக் கடை வாசலில் அந்தக் குழாய் சுருள் சுருளாகத் தொங்கும். பஸ்ஸில் போகும்போது நான் எத்தனையோ தடவை பார்த்தது. அவரும் பார்த்திருப்பார்.

"டாக்டர், நான் அந்தக் கடைக்குப் போகவே இல்ல. ரெண்டு வாரமும் போகல."

"தெரியும்ணே" என்றார். "குழாய் ஊறும்னு தெரிஞ்சும் வண்டிய எடுத்தவன் நான். கிளிப்ப நல்லா இறுக்குங்க."

இறுக்கினேன். கண் கலங்கி மரை சரியாகத் தெரியவில்லை. மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. குழாய் கொடுத்தது, கடைக்குப் போகாதது, புரோட்டா தின்றது எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் கன்றின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

"டாக்டரு தெனமும் வந்து கண்டுக்குட்டியப் பாத்துட்டுப் போறாக. உங்களப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார்.